அரிய கேமரா கண்ணில் பட்டால்

அரிய கேமரா ஒன்று விற்பனைக்கு வரும்போது யோசிக்க அவகாசம் கிடைக்காது. “இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க” என்பார் விற்பவர். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். அதனால் யோசிக்கும் வேலையை, கேமரா கண்ணில் படுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். எந்தப் படத்துக்காக அது வேண்டும், எவ்வளவு வரை போகலாம், எந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம், எந்தக் குறையைக் கண்டால் உடனே எழுந்து வந்துவிட வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தால், கேமராவைக் கையில் எடுத்த அரை மணி நேரத்தில் முடிவு சொல்லிவிடலாம். தெரியாவிட்டால் ஒரு வாரம் கொடுத்தாலும் போதாது.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரே கேமராவை முன்னால் வைத்துப் பேசினால் விஷயம் தெளிவாகும். வைடு ஆங்கிள் ரோலிஃப்ளெக்ஸை எடுத்துக்கொள்கிறேன். சேகரிப்பாளர்கள் அதைச் சுருக்கமாக ரோலி வைடு என்பார்கள்.

ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் இருந்த ஃபிராங்கே & ஹைடெக்கே நிறுவனம் 1929ல் முதல் ரோலிஃப்ளெக்ஸை வெளியிட்டது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் வழியாகப் பார்க்கிறோம், கீழ் லென்ஸ் படம் எடுக்கிறது. பின்னாளில் வந்த ரோலிஃப்ளெக்ஸ்களில் 120 ஃபிலிமில் 6×6 செ.மீ. சதுரப் படங்கள் 12 கிடைக்கும். ஒருகாலத்தில் நம் வீடுகளில் இருந்த ஆக்ஃபா கிளிக் 3 கூட இதே ஃபிலிமில் இதே 12 சதுரப் படங்களைத்தான் எடுத்தது. ரோலிஃப்ளெக்ஸின் லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. 75 அல்லது 80 மி.மீ. லென்ஸோடு வருவதுதான் வழக்கம். வேறு பார்வைக்கோணம் வேண்டும் என்றவர்களுக்காக நிறுவனம் தனிக் கேமராக்களையே செய்தது. 1959ல் 135 மி.மீ. சோனார் லென்ஸோடு டெலி ரோலிஃப்ளெக்ஸ் வந்தது. 1961ல் 55 மி.மீ. எஃப்/4 டிஸ்டகான் லென்ஸோடு வைடு வந்தது. 1967 வரை சுமார் 4000 வைடு கேமராக்கள்தான் செய்யப்பட்டன. இன்று சாதாரண 3.5எஃப் ரோலிஃப்ளெக்ஸின் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்தால்தான் ஒரு வைடு கிடைக்கும்.

அந்தப் பல மடங்கைக் கொடுக்கலாமா?

கைப்பேசியில் ஒரு மாதம்

55 மி.மீ. லென்ஸ் 6×6 சட்டத்தில் பக்கவாட்டில் ஏறத்தாழ 54 டிகிரி பார்க்கிறது. 80 மி.மீ. பார்ப்பது 39 டிகிரி. வீட்டுக்கணக்காகச் சொன்னால், 10 அடியில் நின்று வைடு பிடிக்கும் அகலத்தை 80 மி.மீ. பிடிப்பதற்கு நீங்கள் பதினான்கரை அடிக்குப் பின்வாங்க வேண்டும். இந்த நாலரை அடிக்காகத்தான் இவ்வளவு பணமும். நீங்கள் படம் எடுக்கும் இடத்தில் முதுகுக்குப் பின்னால் நாலரை அடி இருக்கிறதா என்று பாருங்கள். வயல்வெளி, கடற்கரை, கோயில் பிராகாரம் என்றால் தாராளமாக இருக்கிறது. தறி ஓடும் சின்ன அறையிலோ, மூன்று பேர் நின்றால் நிறைந்துவிடும் சமையல்கட்டிலோ, குறுகலான சந்திலோ எடுப்பவர்களுக்கு அது இல்லை. அவர்களுக்கு இந்த லென்ஸ் வெறும் அந்தஸ்து அல்ல, தேவை.

பின்வாங்கி எடுத்தால் படமும் மாறும். முகத்துக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் உள்ள உறவு மாறிவிடும். ஆகவே இதை அடிக்கணக்கில் மட்டும் தீர்க்க முடியாது, எடுத்துப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். அதற்குச் செலவில்லாத வழி ஒன்று உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. இன்றைய கைப்பேசிகளின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 35 மி.மீ. கேமராவின் 24 முதல் 26 மி.மீ. லென்ஸுக்குச் சமம். கேமரா அமைப்பில் சதுரத்தைத் தேர்ந்தெடுத்தால் அது பக்கவாட்டில் 53 முதல் 57 டிகிரி பார்க்கும். அதாவது ரோலி வைடின் பார்வை ஏறக்குறைய அப்படியே வந்துவிடும். கைப்பேசியைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காமல் ரோலிஃப்ளெக்ஸைப் பிடிப்பதுபோல வயிற்றுக்கு மேலே பிடித்து, ஒரு மாதம் சதுரத்திலேயே எடுங்கள். பெரிதாக்கவும் கூடாது, வெட்டவும் கூடாது. மாத முடிவில் படங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பாருங்கள். நல்லவை என்று நீங்கள் எடுத்துவைக்கும் படங்களில் ஓரங்கள் உயிரோடு இருக்கின்றனவா, அல்லது எல்லாவற்றிலும் நடுப்பகுதியை மட்டும் வெட்டியெடுக்க வேண்டும் போலத் தோன்றுகிறதா? நடுப்பகுதிதான் வேண்டும் என்றால் உங்கள் கண் 80 மி.மீ. கண். நல்ல 3.5எஃப் அல்லது ரோலிகார்டு ஒன்றை வாங்கிக்கொண்டு மீதிப் பணத்துக்கு ஃபிலிம் வாங்குங்கள்.

அலமாரியில் வைத்து அழகு பார்க்க வாங்குபவர்களும் உண்டு. அதில் தவறே இல்லை. ஆனால் அவர்கள் பார்க்க வேண்டியவை வேறு: அசல் பெட்டி, கீறாத தோல், பொருந்தும் எண்கள். இந்த நூல் படம் எடுப்பவர்களுக்கானது.

எந்தப் பாகம் அரிது?

ஒரு கேமரா அரியது என்று கேட்டவுடன் நாம் எத்தனை கேமராக்கள் செய்தார்கள் என்று பார்க்கிறோம். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கேமராவில் எந்தப் பாகம் அரிது, அந்தப் பாகம் தேயக்கூடியதா? என் அனுபவத்தில், வாங்கலாமா வேண்டாமா என்பதை இந்த ஒரு கேள்வியே முக்கால்வாசி தீர்த்துவிடுகிறது.

ரோலி வைடில் அரிதாக இருப்பது முன்பக்கம்: 55 மி.மீ. லென்ஸும் அதைத் தாங்கும் முன்தகடும். லென்ஸ் கண்ணாடி தேய்வதில்லை. ஈரமில்லாமல் வைத்திருந்தால் அறுபது ஆண்டுக்குப் பிறகும் அப்படியே இருக்கும். தேயக்கூடிய பாகங்கள் ஷட்டரும், ஃபிலிமை நகர்த்தும் பற்சக்கரங்களும்தான். ஷட்டர் சிங்க்ரோ காம்பூர் வகை. அந்தக் காலத்து ஜெர்மன் கேமராக்கள் எத்தனையோ அதைத்தான் பயன்படுத்தின. உடலின் உள்வேலைப்பாடு பெரும்பாலும் அதே காலத்து மற்ற ரோலிஃப்ளெக்ஸ்களை ஒத்தது. ஆகவே ரோலிஃப்ளெக்ஸ் தெரிந்த எந்த மெக்கானிக்கும் வைடைத் திறக்கத் தயங்க வேண்டியதில்லை. தேயும் பாகம் பரவலாகக் கிடைக்கிறது, அரிய பாகம் தேய்வதில்லை. அரிய கேமரா ஒன்றுக்கு இதைவிட நல்ல அமைப்பு இருக்க முடியாது.

இதற்கு நேரெதிரானது ஹாஸல்பிளாட் 1600எஃப். 1948ல் ஸ்வீடனில் இருந்து வந்த முதல் ஹாஸல்பிளாட் அதுதான். ஃபிலிமுக்கு முன்னால் ஓடும் உலோகத் திரைதான் அதன் ஷட்டர். 1/1600 நொடி வரை போகும் என்பது பெருமை. அந்த ஷட்டர் பிறந்ததிலிருந்தே நோஞ்சான். 1952ல் வேகத்தைக் குறைத்து 1000எஃப் கொண்டுவந்தார்கள். 1957ல் வந்த 500சியில் அந்தத் திரையைக் கைவிட்டு லென்ஸுக்குள்ளேயே ஷட்டரை வைத்தார்கள். 1600எஃப் அரிதாக இருப்பதற்குக் காரணமே அதன் பலவீனம்தான். அரிய பாகமும் தேயும் பாகமும் அதில் ஒன்றே. படம் எடுக்க வேண்டும் என்பவர் அதைத் தொடவே வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது பிளாவ்பெல் மக்கினா 67. ஃபிராங்ஃபர்ட்டில் தோன்றிய பெயர். ஜப்பானின் டோய் குழுமம் வாங்கிய பிறகு 1979ல் வந்த கேமரா. 80 மி.மீ. எஃப்/2.8 நிக்கோர் லென்ஸ், 6×7 படம், மடக்கினால் ஒரு தடித்த புத்தகத்தின் அளவு. லென்ஸ் அபாரமானது. ஆனால் முன்பக்கத்தை நீட்டி மடக்கும் கத்தரிக்கோல் போன்ற கைகளும், அதோடு சேர்ந்து ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிரும் ஒளிமானியின் கம்பியும் பழுதாகக்கூடியவை. ஃபோகஸை முடிவிலிக்குக் கொண்டுவராமல் மடக்கினால் சேதமாகக்கூடும். ஒளிமானி வேலை செய்யாத மக்கினாவை விலை குறைத்து வாங்கலாம், கையில் தனி மானி வைத்துக்கொள்ளலாம். கைகள் தளர்ந்து முன்தகடு ஆடும் மக்கினாவை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

அதே வேலையை வேறு எது செய்யும்?

நீங்கள் விரும்புவது 55 மி.மீ. பார்வையும் சதுரமும் என்றால், அதை மமியா சி330 தரும். 1969ல் வந்த இந்த ஜப்பானியக் கேமராவும் இரட்டை லென்ஸ் கேமராதான். ஆனால் லென்ஸ் ஜோடியைக் கழற்றி மாற்றலாம், அவற்றில் 55 மி.மீ. எஃப்/4.5 ஜோடியும் உண்டு. விலை ரோலி வைடுக்குப் பக்கத்திலேயே வராது. துருத்தி வைத்த கேமரா என்பதால் மிக நெருங்கியும் ஃபோகஸ் செய்யலாம். எடை அதிகம், கழுத்தில் போட்டுக்கொண்டு அரை நாள் நடந்தால் தோள் சொல்லிவிடும். ரோலி வைடின் சத்தமின்மையும் கைக்குள் அடங்கும் உடலும் மமியாவில் இல்லை. முக்காலியில் வைத்து எடுப்பவருக்கு இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. தெருவில் மனிதர்களோடு நின்று எடுப்பவருக்கு அதுவே எல்லாம்.

ஹாஸல்பிளாட் 500சி/எம் வைத்திருப்பவர் அதற்கு 50 மி.மீ. டிஸ்டகானை வாங்கிக்கொள்ளலாம். இன்னும் அகலமாக, 38 மி.மீ. பயகான் லென்ஸ் பொருத்திய ஹாஸல்பிளாட் எஸ்டபிள்யூசியும் உண்டு. ஆனால் அதில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது, தூரத்தைக் கண்ணால் அளந்துதான் வைக்க வேண்டும். இரவல் கிடைக்குமானால் முதலில் மமியாவைத்தான் பரிந்துரைப்பேன். நாலைந்து ரோல் எடுத்தும் ரோலி வைடு மனதை விட்டுப் போகவில்லை என்றால் அந்த ஆசையை நம்பலாம்.

கையில் எடுக்கும்போது

அடையாளத்தை முதலில் சரிபாருங்கள். வைடின் உடல் எண்ணுக்கு முன்னால் டபிள்யூ என்ற எழுத்து இருக்கும். முன் லென்ஸ் மற்ற ரோலிஃப்ளெக்ஸ்களைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி பெரியது. ஃபில்டரும் ஹூடும் மாட்டும் வளையம் பே 4 என்ற அளவு. இந்த பே 4 சாமான்கள் தனியாகக் கிடைப்பது கடினம், கிடைத்தால் விலையும் கடுமை. அகலக் கோண லென்ஸை ஹூடு இல்லாமல் நம் வெயிலில் பயன்படுத்த முடியாது. கேமராவோடு அசல் ஹூடு வருகிறதா என்று கேட்பது விலை பேசுவதில் ஒரு பகுதி. வராவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லத் தயங்காதீர்கள்.

அடுத்தது லென்ஸ். வைடில் உடலில் எத்தனை குறை இருந்தாலும் பேரம் பேசலாம். லென்ஸில் குறை என்றால் பேச்சே இல்லை, ஏனென்றால் நீங்கள் பணம் கொடுப்பது அதற்குத்தான். பின்கதவைத் திறந்து, அப்பர்ச்சரை எஃப்/4ல் வைத்து, ஷட்டரை ‘பி’யில் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். உடன் வந்தவரைப் பின்னால் இருந்து சின்ன டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். நேராகப் பார்க்காமல் கொஞ்சம் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

சிலந்தி வலை போன்ற, வேர் கிளைத்த மாதிரியான கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு அது சாதாரணம். ஆரம்பநிலைப் பூஞ்சையைத் துடைத்துவிடலாம். நாள்பட்டது கோட்டிங்கையும் கண்ணாடியையும் அரித்திருக்கும். துடைத்த பிறகும் தடம் போகாது. முழுப்பரப்பிலும் பால் படிந்த மாதிரி மங்கல் இருந்தால், அது பெரும்பாலும் எண்ணெய் ஆவி படிந்த மேற்பூச்சு. பிரித்துத் துடைத்தால் போகக்கூடியது. ஓரத்தில் வானவில் நிறத்தில் வளைவு தெரிந்தால் ஒட்டிவைத்த கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன என்று பொருள். இதைச் சரிசெய்பவர்கள் உலகம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். முன்கண்ணாடியில் ஒன்றிரண்டு மெல்லிய கீறல்கள் இருந்தால் பயப்பட வேண்டாம், ஹூடு போட்டால் படத்தில் தெரியாது. பின்கண்ணாடியில் கீறல் இருந்தால் பயப்படலாம்.

மேல் லென்ஸில் இதே குறைகள் இருந்தால் அவ்வளவு கவலை இல்லை. அது படம் எடுப்பதில்லை.

பிறகு ஷட்டர். மெதுவான வேகங்களில்தான் நோய் தெரியும். 1 நொடியில் வைத்து அழுத்திக் காதைக் கொடுங்கள். உள்ளே இருக்கும் சின்னப் பற்சக்கரக் கூட்டம் ஒரே சீராக ஓடி முடிய வேண்டும். நடுவில் இழுத்தாலோ, பாதியில் நின்று தயங்கினாலோ, பழைய எண்ணெய் உறைந்திருக்கிறது. இதைச் சுத்தம் செய்துவிடலாம், செலவை மட்டும் கணக்கில் சேருங்கள். வேகமான எண்களைக் கைப்பேசியின் ஸ்லோ மோஷனில் பதியலாம். நொடிக்கு 240 சட்டம் பதியும் கைப்பேசியில் 1/30 என்றால் ஷட்டர் 8 சட்டங்களில் திறந்திருக்க வேண்டும், 1/60 என்றால் 4. மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் பிசகு நெகடிவ் ஃபிலிமுக்குப் பொருட்டில்லை. 1/500ஐச் சோதிக்க வேண்டுமானால் கைப்பிடியைச் சுற்றி ஷட்டரை முறுக்குவதற்கு முன்பே அந்த எண்ணுக்குப் போய்விடுங்கள். முறுக்கிய பிறகு மாற்றுவது பழைய காம்பூருக்கு நல்லதல்ல. செல்ஃப் டைமரைத் தொடவே தொடாதீர்கள். பல ஆண்டுகள் ஓடாத டைமர் நடுவழியில் சிக்கினால் ஷட்டரே பூட்டிக்கொள்ளும், விற்பவர் உங்களைத்தான் கேட்பார்.

ஃபிலிம் நகர்வைச் சோதிக்க உண்மையான ரோல் ஒன்று வேண்டும். ரோலிஃப்ளெக்ஸில் ஃபிலிமின் தொடக்கத்தைக் கேமராவே கண்டுபிடித்துக்கொள்கிறது. பின்தாளை முதல் உருளைக்கு அடியில் நுழைத்துவிட்டால் போதும். தாளோடு ஃபிலிம் ஒட்டப்பட்ட தடித்த இடம் உருளைகளுக்கு இடையே நுழையும்போது அந்தத் தடிப்பை உணர்ந்து எண்ணத் தொடங்கும். அதனால்தான் வெறும் பின்தாளை வைத்துச் சோதித்தால் எதுவும் தெரியாது. காலாவதியான ரோல் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். பழைய ஸ்டூடியோவில் வாங்குவதானால், “அண்ணே, ஒரு டம்மி ரோல் போட்டுப் பாத்துக்கட்டுமா?” என்று கேட்டால் எந்த ஸ்டூடியோக்காரரும் மறுக்கமாட்டார். மறுத்தால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும். 1 என்ற எண்ணில் கைப்பிடி நிற்க வேண்டும். 12 வரை ஒவ்வொரு நிறுத்தமும் உறுதியாக இருக்க வேண்டும். நிற்காமல் சுற்றிக்கொண்டே போனால் உணரும் உருளையில் கோளாறு.

பின்கதவின் உள்ளே ஃபிலிமை அழுத்தும் தகட்டையும் ஒருமுறை பாருங்கள். ரோலிகின் என்ற துணைக்கருவியை மாட்டி 35 மி.மீ. ஃபிலிம் போடுவதற்காக, பல ரோலிஃப்ளெக்ஸ்களில் இந்தத் தகட்டை இரண்டு நிலைகளில் வைக்கலாம். முந்தைய உரிமையாளர் தவறான நிலையில் விட்டிருந்தால் 120 ஃபிலிம் தட்டையாக நிற்காது, படம் மங்கும். லென்ஸ் சரியில்லை என்று மலிவாக விற்கப்பட்ட கேமராவில் இந்தத் தகடு மட்டுமே இடம் மாறியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வைடுக்கு மட்டும் இன்னும் ஒரு சோதனை கட்டாயம். லென்ஸ் ஃபிலிமில் இருந்து இருக்க வேண்டிய இடத்தைவிட ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முன்னால் தள்ளியிருக்கிறது என்று வையுங்கள். 80 மி.மீ. கேமராவில் முடிவிலியில் வைத்தால் 64 மீட்டரில் ஃபோகஸ் ஆகும். தூரத்து மலை கொஞ்சம் மென்மையாகத் தெரியும், அவ்வளவுதான். அதே பிசகு 55 மி.மீ. கேமராவில் இருந்தால் ஃபோகஸ் 30 மீட்டரிலேயே நின்றுவிடும். கீழே விழுந்து மூலை நசுங்கிய வைடு, வெளியே தட்டி நேராக்கப்பட்டிருந்தாலும், உள்ளே இந்தப் பிசகோடு இருக்கலாம். ஃபோகஸ் திருகை முழுதாக நீட்டி, முன்தகட்டுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியை நான்கு மூலைகளிலும் வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள். நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு ஃபிலிம் ஓடும் தண்டவாளங்களின் மேல் சின்ன மங்கல் கண்ணாடித் துண்டு ஒன்றை, சொரசொரப்புப் பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி ஒட்டி, ஷட்டரை ‘பி’யில் திறந்து, தூரத்துக் கோபுரத்தையோ செல்ஃபோன் டவரையோ லூப் வைத்துப் பாருங்கள். மேலே திரையில் கூர்மையாகத் தெரியும் அதே நேரத்தில் கீழே கண்ணாடியிலும் கூர்மையாகத் தெரிய வேண்டும். மூலைகளையும் பாருங்கள், ஒரு பக்க மூலை மட்டும் மங்கினால் தகடு சாய்ந்திருக்கிறது.

மேல் லென்ஸுக்குப் பின்னால் உள்ள பிரதிபலிப்புக் கண்ணாடி கறுத்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். தோல் உரிந்திருந்தால் ஒட்டிக்கொள்ளலாம். இவற்றைச் சாக்காக வைத்து விலையைக் குறையுங்கள், மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தூரத்தில் இருந்து வாங்கும்போது

ரோலி வைடு நம் ஊர் ஸ்டூடியோ பீரோக்களில் இருந்து வெளிவருவது அபூர்வம். பெரும்பாலும் ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா என்று எங்கிருந்தாவதுதான் வரும். அப்போது உங்கள் கையில் இருப்பது படங்களும் விற்பவரின் சொற்களும்தான். ‘மிகச்சிறந்த நிலை’ என்ற தலைப்பை விடுங்கள், அடியில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ‘லேசான மங்கல் உண்டு, படத்தைப் பாதிக்காது’ என்று எழுதியிருந்தால், மங்கல் இருப்பது அவருக்குத் தெரியும், பாதிக்காது என்பது அவர் நம்பிக்கை. ‘சோதிக்கவில்லை’ என்றால் பழுது என்றே எடுத்துக்கொண்டு விலை போடுங்கள். பின்னால் இருந்து டார்ச் அடித்த லென்ஸின் படம், 1 நொடி ஷட்டர் ஓடும் ஒலியோடு ஒரு வீடியோ, ரோல் போட்டு 1ல் நிற்கும் வீடியோ, இந்த மூன்றையும் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவார்.

விலையை ஒப்பிடும்போது, கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்த விலைகளைத் தேடுங்கள். பல மாதங்களாக விற்காமல் அதே படத்தோடு தொங்கும் கேமராவின் விலை சந்தை விலை அல்ல. இதையே மறுபக்கமும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு குடும்பம் தாத்தாவின் கேமராவை விற்கிறது, மதிப்புத் தெரியாமல் மிகக் குறைவாகச் சொல்கிறது என்றால், நியாயமான விலையை நீங்களே சொல்லி வாங்குங்கள். அந்தக் கேமராவோடு நீங்கள் இருபது ஆண்டு வாழப்போகிறீர்கள்.

எல்லை தாண்டி வரும் கேமராவுக்குத் திருப்பி அனுப்பும் உரிமை பெயரளவுக்குத்தான். போக்குவரத்துச் செலவும் கட்டிய சுங்கவரியும் சேர்ந்து அதைச் சாப்பிட்டுவிடும். ஆகவே நேரில் பார்த்து வாங்கும் கேமராவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நஷ்டமல்ல.

பணக்கணக்கு

ஒரு தாளில் எழுதுங்கள். கேமராவின் விலை. அனுப்பும் செலவு, காப்பீடு, சுங்கவரி. ஹூடு இல்லாவிட்டால் அதன் விலை. பழுதுபார்க்க, வாங்கும் விலையில் கால் பங்கு. இதை எதற்கும் கைவைக்காமல் தனியாக ஒதுக்குங்கள். கடைசியாக ஒரு வருடத்து ஃபிலிம். ஒரு ரோலின் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் கூலி மூன்றையும் கூட்டி 12ஆல் வகுத்தால் ஒரு படத்தின் விலை வரும். மாதத்துக்கு எத்தனை ரோல் எடுப்பீர்கள் என்பதை ஆசையில் எழுதாமல், கடந்த ஆண்டு உண்மையில் எவ்வளவு எடுத்தீர்கள் என்று பார்த்து எழுதுங்கள். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவக் கற்றுக்கொண்டால் இந்த வரி பாதியாகச் சுருங்கும், மகிழ்ச்சி கூடும்.

கூட்டுத்தொகையைப் பார்த்து, கடைசி வரியை வெட்டினால்தான் கேமரா கட்டுப்படியாகும் என்று தோன்றினால் வாங்காதீர்கள். ஃபிலிமுக்குக் காசில்லாமல் பீரோவில் உட்கார்ந்திருக்கும் ரோலி வைடைவிட, வாரம் ஒரு ரோல் ஓடும் யாஷிகா மேட் நல்ல கேமரா. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 1901ல் கோடாக் கொண்டுவந்த 120 ஃபிலிம் இன்றும் தயாராகிறது. அது கிடைக்கும் வரை பழைய கேமராக்களுக்கு வேலை இருக்கிறது, அந்த வேலையை அவற்றுக்குக் கொடுப்பதுதான் நாம் செய்யக்கூடியது.

வாங்குவதற்கு முன்பே பேச வேண்டியவர் இன்னும் ஒருவர் இருக்கிறார்: மெக்கானிக். உங்கள் ஊரிலோ பக்கத்து நகரத்திலோ காம்பூர் ஷட்டரைப் பிரித்துப் பூட்டக்கூடியவர் யார் என்று விசாரித்து, நேரில் போய்ப் பாருங்கள். “அண்ணே, ரோலிஃப்ளெக்ஸ் வந்தா எடுத்துப்பீங்களா? எவ்வளவு நாளாகும்?” என்று கேட்டுவிடுங்கள். அவர் தயங்கினால் வெளிநாட்டுக்கு அனுப்பிப் பழுதுபார்க்கும் செலவை மேலே சொன்ன தாளில் சேர்க்க வேண்டிவரும். அதோடு பலருடைய முடிவு மாறிவிடும்.

வாங்கிய பிறகு முதல் பத்து நாள்

அசல் தோலுறையைக் கேமராவோடு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சைக்கு வீடு கட்டிக்கொடுக்கும். உறையைத் தனியாகவும் கேமராவை 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் காட்டும் உலர் பெட்டியிலும் வையுங்கள். அதற்கு வழியில்லாவிட்டால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல், உள்ளே சின்ன ஈரமானி, மாதம் ஒருமுறை ஜெல்லை வறுத்தெடுத்து மீண்டும் போடுவது. அரிசியில் புதைத்து வைக்கும் பழக்கம் வேண்டாம். மாவும் தூசியும் உள்ளே போகும்.

திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் குறைந்தது இரண்டு ரோல் எடுத்துக் கழுவியாக வேண்டும். முதல் ரோலை முழுக்க முக்காலியில் எடுங்கள். ஒரே செங்கல் சுவரை எஃப்/4, 8, 16 மூன்றிலும். தூரத்துக் கோபுரத்தை முடிவிலியில். மூன்றடி தூரத்தில் சாய்வாக வைத்த செய்தித்தாளை நடுவரியில் ஃபோகஸ் வைத்து எஃப்/4ல். சூரியன் சட்டத்துக்குக் கொஞ்சம் வெளியே இருக்கும்படி ஒரு படம். அதே சுவரை வெவ்வேறு ஷட்டர் வேகங்களில், வெளிச்சம் சமமாக வரும்படி அப்பர்ச்சரை மாற்றிக்கொண்டு. இரண்டாவது ரோலைக் கையில் பிடித்து, வழக்கமாக எடுக்கும் இடத்திலேயே எடுங்கள்.

நெகடிவை ஸ்கேனுக்குக் கொடுப்பதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் நீளமாகப் பிடித்துப் பாருங்கள். படங்களுக்கு இடையே உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தால் நகர்வில் பழுது. வேகம் மாறிய படங்கள் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். செய்தித்தாளில் நடுவரிக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும் வரி கூர்மையாக இருந்தால், மேல் லென்ஸும் கீழ் லென்ஸும் ஒத்துப்போகவில்லை. மெக்கானிக்கால் சரிசெய்யக்கூடியது, அந்தக் கூலியை விற்பவரிடம் கேட்கலாம். செங்கல் சுவரில் ஒரு பக்க ஓரம் மட்டும் எஃப்/8லும் மங்கியிருந்தாலோ, சூரியன் பக்கத்தில் இருந்த படம் முழுக்க வெளுத்திருந்தாலோ, அது நீங்கள் பணம் கொடுத்த பாகத்தின் கோளாறு. அன்றைக்கே விற்பவருக்கு எழுதி, நெகடிவின் படத்தையும் சேர்த்து அனுப்பி, கேமராவைத் திருப்பிவிடுங்கள்.